பானை இல்லாத தரை

அச்சன்புதூரிலும் அதையொட்டிய வடகரையிலும் உள்ள பள்ளிவாசல்களில் தொழுகைக் கூடத்துச் சுவரில் ஓர் உருவமும் இருக்காது. இறைவனைப் பற்றி அங்கே உள்ளதெல்லாம் ஓதப்படும் வசனம்தான். அங்கிருந்து தெற்கே, தென்காசியைத் தாண்டிக் குற்றாலம் போனால், குற்றாலநாதர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளித் தனியே நிற்கும் சித்திர சபையில் நிலைமை நேர் எதிர். சிதம்பரத்துப் பொன்னம்பலம், மதுரை வெள்ளியம்பலம், திருநெல்வேலித் தாமிர சபை, திருவாலங்காட்டு இரத்தின சபை, குற்றாலத்துச் சித்திர சபை என நடராசர் ஆடும் சபைகள் ஐந்து என்பது சைவர் கணக்கு. அவற்றில் குற்றாலத்தில் மட்டும் சுவரில் தீட்டிய ஓவியமே இறைவன். மார்கழித் திருவாதிரையில் தாண்டவ தீபாராதனை காட்டுவது வண்ணம் பூசிய ஒரு சுவருக்கு. ஒரு பேருந்துப் பயணத்துக்குள் அடங்கும் நிலப்பரப்பில் இரண்டு முடிவுகளும் இருக்கின்றன: மெய்யைச் சொல்லால்தான் நெருங்க முடியும், உருவம் வழிமாற்றிவிடும் என்பது ஒன்று, கண்ணுக்கு முன் ஒரு வடிவம் நின்றாலொழிய மனம் எதையும் பற்றாது என்பது மற்றொன்று. இவை இரண்டு சமயங்களின் பழக்கம் மட்டும் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. மனித மனம் எதைக் கொண்டு சிந்திக்கிறது என்ற கேள்விக்கு இவை இரண்டும் விடை சொல்கின்றன. அந்த விடைகளை அப்படியே எடுத்துப் பரிசோதிப்பதுதான் இரண்டுக்கும் நாம் செய்யும் மரியாதை.

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவரில் இருக்கும் வேறுபாடு மனத்துக்குள் அப்படியே இல்லை. தென்காசியில் பிறந்து தக்கலையில் வாழ்ந்த நெசவாளி ஞானி பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியைத் தக்கலையில் அவருடைய நினைவு நாளில் இரவு முழுவதும் பாடுகிறார்கள். உருவமே இல்லாத இறைவனைப் பாடும் அந்த மரபு உவமையை விட்டுவிடவில்லை. உமறுப்புலவரின் சீறாப்புராணம் இன்னும் தெளிவான சான்று. தொழுகைக் கூடத்தில் படம் கூடாது என்ற சமயத்தில் நின்றுகொண்டு, 5,000க்கும் மேற்பட்ட பாடல்களில், அரபு நாட்டைக்கூட வயலும் ஆறும் சோலையுமாகத் தமிழ் நிலமாகவே கேட்பவர் கண்ணுக்குள் வரைந்து காட்டினார் அவர். சுவரில் மறுத்த படத்தைச் சொல் மனத்தில் எழுதியது. மறுபக்கம் பாருங்கள். குற்றாலத்தைத் தேவாரத் தலமாக்கியது ஓவியம் அல்ல. சம்பந்தர் திருக்குற்றாலத்துக்கும் திருக்குறும்பலாவுக்குமாகப் பாடிய இரண்டு பதிகங்கள். கல்லிலும் உலோகத்திலும் தெய்வ உருவம் செய்யும் ஸ்தபதி தன் விருப்பத்துக்குச் செய்வதில்லை. எத்தனை கை, எந்தக் கையில் என்ன, எந்தக் கால் தூக்கியது, என்ன நிறம் என்று சொல்லும் தியான சுலோகத்தை மனப்பாடமாக வைத்திருந்து, அந்தச் சொற்கள் உள்ளே உருவமாகத் திரண்ட பிறகே உளியை எடுக்க வேண்டும் என்பது அவர்கள் மரபு. உருவத்தின் வீட்டில் வேராகச் சொல் இருக்கிறது. சொல்லின் வீட்டில் உருவம் வாசல் வழியாக அல்லாமல் காது வழியாக நுழைந்திருக்கிறது.

மனத்தை அளந்து பார்த்தவர்கள் கண்டதும் இந்தக் கலப்பைத்தான். 1880-ல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் பலரிடம், அன்று காலை உணவு உண்ட மேசையை மனக்கண்ணில் கொண்டுவந்து விவரிக்கும்படி கேட்டார். சிலருக்கு அது வண்ணத்தோடு நேரில் இருப்பதுபோல் வந்தது. அவர் கேட்ட அறிவியலாளர்களில் பலருக்கோ ஒன்றுமே வரவில்லை. மனக்கண் என்பது வெறும் பேச்சு வழக்கு என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். 2015-ல் ஆடம் ஸீமன் என்ற நரம்பியல் மருத்துவர் அந்த நிலைக்கு அஃபேண்டேசியா என்று பெயர் வைத்த பிறகு, இப்படிப் பலர் இருப்பது வெளியே தெரிந்தது. கணினி வழி அனிமேஷன் படங்களுக்குப் பெயர்பெற்ற பிக்சார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல்லுக்கே மனக்கண்ணில் எதுவும் தோன்றாது. எதிர்ப்பக்கத்தில் ஐன்ஸ்டைன். கணிதவியலாளர் ஹதமார் 1945-ல் வெளியிட்ட நூலில் சேர்த்த கடிதத்தில் அவர், தன் சிந்தனையில் சொற்களுக்கு இடமே இருப்பதாகத் தெரியவில்லை, உருவங்களும் உடலசைவு போன்ற உணர்வுகளுமே அங்கே கூடி விளையாடுகின்றன என்று தெரிவித்திருந்தார். படம் இல்லாதவரும் படம் செய்கிறார். சொல் இல்லாமலும் பேரறிவு வேலை செய்கிறது. மூளைப் பாதிப்பால் மொழியை இழந்த மூன்று பேரை வைத்து 2005-ல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. யார் யாரை அடித்தார் என்று ஒரு வாக்கியத்திலிருந்து அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. ஆனால் 59-லிருந்து 13-ஐக் கழிப்பதற்கும் 13-லிருந்து 59-ஐக் கழிப்பதற்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குத் தெரிந்தது. அடைப்புக்குறி போட்ட கணக்குகளையும் செய்தார்கள். மூளையில் மொழிக்கென்று இயங்கும் பகுதிகள், கணக்கும் தர்க்கமும் நடக்கும்போது பெரும்பாலும் சும்மா இருக்கின்றன என்பதையும் பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இந்தச் சான்றுகளை வைத்து, சிந்தனைக்குச் சொல்லும் வேண்டாம் படமும் வேண்டாம் என்று முடித்துவிடலாமா? படத்தின் பக்கம் இருப்பவர்கள் 1971-ல் ஷெப்பர்ட், மெட்ஸ்லர் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனையைக் காட்டுவார்கள். இரண்டு கனவடிவங்கள் ஒன்றேதானா என்று கேட்டால், ஒன்று மற்றதிலிருந்து எத்தனை பாகை திரும்பியிருக்கிறதோ அதற்கு ஏற்ப விடை சொல்லும் நேரமும் சீராகக் கூடுகிறது. மனத்துக்குள் எதையோ உண்மையாகவே திருப்பிப் பார்க்கிறார்கள். ஆனால் பிறவியிலேயே பார்வையற்றவர்கள் தொட்டறிந்த வடிவங்களிலும் அதே சீரான கூடுதல் தெரிகிறது. ஆகவே திரும்புவது படம் அல்ல. இடம், திசை, பக்கம் ஆகிய அமைப்பு திரும்புகிறது. சிலருக்கு அந்த அமைப்பின்மேல் நிறமும் ஒளியும் படிந்து படமாகத் தெரிகிறது, சிலருக்குத் தெரிவதில்லை. சொல்லைப் பற்றியும் இதையேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர் தனக்குள் ஒரு விஷயத்தை உணர்ந்துகொள்ளும் அந்தக் கணத்துக்கு வாக்கியம் கட்டாயம் இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில் இலக்கண அறிஞர் பர்த்ருஹரி சொல் கலவாத அறிவே உலகில் இல்லை என்றார். காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்லும் பௌத்த தர்க்க அறிஞர் திக்நாகர், பெயரும் சாதியும் குணமும் தொழிலும் ஒட்டாத அறிவுதான் காட்சி என்றார். அதே கருத்தை மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகளின் வாயில் வைத்தார் சாத்தனார். இன்றைய ஆய்வுகளை வைத்துப் பார்த்தால், இந்த வழக்கில் திக்நாகர் பக்கமே கனம் அதிகம்.

ஆனால் உணர்வது வேறு, நியாயம் சொல்வது வேறு. இந்த வேறுபாட்டைத்தான் மேற்கத்திய உளவியல் நெடுங்காலம் கவனிக்காமல் விட்டது என்று நினைக்கிறேன். நம் தர்க்க மரபு அதை நெடுங்காலத்துக்கு முன்பே பிடித்துவிட்டது. அனுமானம் இரண்டு வகை: தன்பொருட்டு, பிறர்பொருட்டு. தூரத்து மலையில் புகையைப் பார்த்தவன் தனக்குள்ளேயே நெருப்பை அறிந்துகொள்ளலாம். அதற்கு அவன் வாய் திறக்க வேண்டியதில்லை, மனத்துக்குள்ளும் வாக்கியம் அமைக்க வேண்டியதில்லை. அருகில் நிற்பவன் 'அது பனியாக இருக்கலாமே' என்றால் கதை மாறுகிறது. இப்போது உறுப்புகள் வேண்டும்: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். பொருத்திக் காட்டுவதும் முடிவு சொல்வதுமான கடைசி இரண்டையும் திட்டாந்தத்துக்குள்ளேயே அடக்கிவிடலாம் என்கிறது மணிமேகலை. இங்கே ஒரு நிமிடம் நிற்கத் தோன்றுகிறது. அரிஸ்டாட்டிலின் முக்கூற்று வாதத்தில் எடுத்துக்காட்டுக்கு இடம் கிடையாது. மனிதர் எல்லாம் இறப்பவர், சாக்ரடீஸ் மனிதர், ஆகவே என்று சொல்லோடு சொல் கோத்தாலே போதும். நம் முறையிலோ அடுக்களை வந்தே தீர வேண்டும். அடுப்பிலிருந்து புகை எழுந்து கூரையில் கரி படிவதைக் கேட்பவன் நினைத்துப் பார்த்தாக வேண்டும். சொல்லால் கட்டிய வாதத்தின் நடுவில், கண்ணால் கண்ட ஒன்றுக்குச் சட்டப்படி ஒதுக்கிய இருக்கை அது. ஐன்ஸ்டைனும் அந்தக் கடிதத்தில், உருவங்களின் விளையாட்டு முதிர்ந்த பிறகு இரண்டாம் கட்டத்தில் சொற்களைப் பாடுபட்டுத் தேட வேண்டியிருக்கிறது என்றுதான் முடிக்கிறார். சொல் தேவைப்படுவது பிறரிடம் கொண்டுபோகும் இடத்தில்.

பிறரிடம் கொண்டுபோகும்போது சொல் மட்டுமே செய்யக்கூடிய வேலை எது? என் முடிவு இதுதான்: 'இல்லை' என்று சொல்வது. படத்துக்கு அது வராது. தரையில் பானை இல்லை என்பதை ஓவியமாக வரையுங்கள் என்றால், என்ன வரைவீர்கள்? வெறும் தரையை. அந்தப் படத்தில் பானை மட்டுமா இல்லை? நாற்காலி இல்லை, பூனை இல்லை, பரண் இல்லை. எது இல்லை என்று கேட்டு வந்தவனுக்குத்தான் அந்தத் தரை விடை சொல்லும். கேள்வி இல்லாமல் பார்ப்பவனுக்கு அது தரை, அவ்வளவே. நம் தத்துவவாதிகள் இந்தப் பானையை வைத்துக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டார்கள். பானையின் இன்மையையும் கண்ணே காண்கிறது என்றது நியாய தரிசனம். கண் காண்பது தரையை மட்டும். இன்மையை அறிய அனுபலப்தி என்ற தனி அளவையே (அறியும் வழியே) வேண்டும் என்றார் மீமாம்சை மரபின் குமாரில பட்டர். அப்படி ஒரு பொருளே இல்லை, வெறும் தரையை அறிவதுதான் உள்ளது என்றார்கள் பிரபாகரர் வழியினர். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் காண்டல், கருதல், உரை என்ற மூன்றோடு இன்மை முதலானவற்றையும் சேர்த்து எண்ணுபவர்களைக் குறிப்பிட்டு, அவை எல்லாம் அந்த மூன்றுக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தார். யார் பக்கம் சரி என்பதைவிட, இவ்வளவு பெரிய அறிவாளிகள் இந்தச் சின்ன இடத்தில் ஏன் தடுக்கி நின்றார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. காட்சி தருவது எப்போதும் உள்ளதை. உள்ளதிலிருந்து இல்லாததற்குத் தாவுவது காட்சிக்கு வெளியே நடக்கும் காரியம்.

'எல்லாம்' என்பதும் அப்படியே. இதைக் காட்டக் கோலத்தைவிட நல்ல களம் எனக்குத் தெரியவில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-ல் கோலத்தைக் கணினி இலக்கணத்தோடு இணைத்து ஆராய்ந்து எழுதினார்கள்; வாசலில் இழுக்கும் கோடுகளுக்கு மொழிக்கு இருப்பதுபோன்ற விதிகள் உண்டு என்று உலகம் அப்போது அறிந்தது. சிக்குக் கோலத்தில் மிக எளிய வகையை எடுத்துக்கொள்வோம். நேர் புள்ளி; கோடு புள்ளிகளைச் சுற்றி வளைந்து, அடுத்தடுத்த எந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையில் தன்னைத்தானே குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி வைத்தால், கையெடுக்காமல் ஒரே இழையில் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். மூன்றுக்கு மூன்று வைத்தால் அது நடக்காது. மூன்று தனித்தனி இழைகள் விழும். கோலம் போடும் பெண்களுக்கு இது விரலில் தெரியும். எந்த இடத்தில் வெட்டாமல் வளைத்துவிட்டால் இரண்டு இழைகள் ஒன்றாகிவிடும் என்பதும் தெரியும். ஐந்துக்கு ஐந்தில் ஒற்றை இழைக் கோலம் பிறப்பது அப்படித்தான். ஒரு சொல்கூட இல்லாமல் நடக்கும் தூய சிந்தனை இது. எழுத்தறியாத கைகள் செய்தன என்பதற்காக இதை அறிவு என்று எண்ணாமல் விட்டது நம் கல்விக்கு ஓர் இழுக்கு. இருந்தாலும், இந்த விதியோடு, மூன்றுக்கு மூன்று, நான்குக்கு நான்கு என்று போகும் எந்தச் சதுரத்திலும் ஒற்றை இழை ஒருபோதும் வராது என்பதை எத்தனை கோலம் போட்டுக் காட்ட முடியும்? நூறு சதுரம் போட்டு நூறிலும் வரவில்லை என்றால், அந்த நூறில் வரவில்லை என்பது மட்டுமே தெரியும். எத்தனை இழை என்பது, வரிசைகளின் எண்ணுக்கும் வரிசைப் புள்ளிகளின் எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணிக்குச் சமம். இரண்டுக்கும் மூன்றுக்கும் அது ஒன்று. மூன்றுக்கும் மூன்றுக்கும் மூன்று. நான்குக்கும் ஆறுக்கும் இரண்டு. இந்த ஒரு வாக்கியம் இனி யாரும் வைக்கப்போகும் எல்லாப் புள்ளிகளுக்கும் பொருந்தும், முடியாததை முடியாது என்றும் சொல்லிவிடும். அதை வரைந்து காட்ட எந்த வாசலும் போதாது.

இதற்கு எழும் மறுப்புகளில் இரண்டு கனமானவை. படத்தாலும் மறுக்க முடியுமே, பேருந்தில் சிகரெட்டின் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட பலகை எந்த மொழிக்காரருக்கும் 'புகைக்காதே' என்றுதானே சொல்கிறது என்பது முதல் மறுப்பு. அந்தச் சிவப்புக் கோடு படத்தின் பகுதி அல்ல. அது பலகையில் பட்ட கறையோ, சிகரெட்டின் மேல் கிடக்கும் சிவப்புக் குச்சியோ இல்லை என்று நாம் அறிவது, யாரோ நமக்குக் கற்றுத்தந்த உடன்படிக்கையால். வட்டத்துக்குள் வட்டம் வரைந்து தர்க்கம் கற்பிக்கும் படங்களும் இப்படித்தான். எந்தப் பகுதியை நிரப்பினால் எது இல்லை என்று பொருள் என்பதை முதலில் சொல்லித்தர வேண்டும். சொல் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு படத்தின் நடுவில் நிற்கிறது. இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடினமானது. மொழியை இழந்த அந்த மூன்று பேர் கழித்தலைத் தலைகீழாக்கினால் விடை மாறும் என்று அறிந்தார்களே. 'அது அல்ல, இது' என்று சொல்லில்லாமல் பிரித்தார்களே? உண்மை. ஆகவே மறுப்பு என்ற செயல் மனத்தில் சொல்லுக்கு முன்பே இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்கிறேன். இரை போன பொந்தை மோந்துவிட்டு விலங்கு ஏமாந்து திரும்புகிறதே, அதில்கூட அதன் ஒரு சிறு தொடக்கம் இருக்கலாம். ஆனால் அந்த மூவர் கையாண்டது எண்ணும் குறியும். அவையும் ஊர் கூடி உடன்பட்டு, பள்ளியில் பயின்ற பொதுக் குறிகள். நான் சொல்லுக்குக் கோருவது மறுப்பைப் பிறப்பித்த பெருமையை அல்ல. மறுப்பை இன்னொருவர் முன்னால் வைத்து, அவர் திருப்பி மறுக்க இடம்கொடுக்கும் வேலை, குறி என்ற ஒன்று இல்லாமல் நடப்பதில்லை. குறிகளில் மிகப் பழையதும் எல்லோருக்கும் கிடைப்பதும் சொல்.

இதுவரை சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டால் சொல்லுக்கே வெற்றி என்று தோன்றிவிடும். சொல்லுக்குக் கொடிய குறை ஒன்று உண்டு: அது எதற்கும் இசையும். 'மலடி பெற்ற மகன் சந்தைக்குப் போனான்' என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. நாக்கு எங்கும் தடுக்கவில்லை. நம் நூல்கள் இல்லாத பொருளுக்கு எடுத்துக்காட்டாக முயற்கொம்பு, ஆகாயத்தாமரை, மலடி மகன் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியிருக்கின்றன. சொல்லளவில் மூன்றும் ஒரே இனம். வரையச் சொல்லிப் பாருங்கள். கொம்பு முளைத்த முயலைக் குழந்தைகூட வரைந்துவிடும். வானத்தில் மலர்ந்த தாமரையை எந்த ஓவியரும் தீட்டுவார். மலடியின் மகனை மட்டும் யாராலும் வரைய முடியாது. ஒரு பெண்ணையும் ஒரு பையனையும் வரையலாம், அவள் மலடி என்பதும் அவன் அவள் பெற்ற பிள்ளை என்பதும் சேர்ந்தாற்போல் படத்தில் ஏறாது. முதல் இரண்டும் உலகில் இல்லாதவை. மூன்றாவது இருக்கவே முடியாதது. இவ்வளவு பெரிய வேறுபாட்டைச் சொல் மூடி மறைத்திருந்தது. வரைய எடுத்த கை அதை அம்பலப்படுத்துகிறது. படத்துக்கு 'இல்லை' சொல்லத் தெரியாது என்றேன். முடியாததற்கு உடன்பட மறுக்கத் தெரியும். அந்த மறுப்பும் முழுக்க நம்பத் தக்கதல்ல. எல்லா முக்கோணமும் இருசமபக்க முக்கோணமே என்று 'நிறுவும்' புகழ்பெற்ற ஏமாற்று நிரூபணம் ஒன்று இருக்கிறது. அதன் வரிகளில் குற்றம் காண்பது கடினம், புள்ளி விழ வேண்டிய இடத்தைப் படம் சற்றே தவறாகக் காட்டுவதில்தான் சூழ்ச்சி எல்லாம். படம் சொல்லையும் சொல் படத்தையும் மாறிமாறிச் சோதிக்கும் இடத்தில்தான் நியாயம் பிழைக்கிறது. நம் பத்தாம் வகுப்பில் தேல்ஸ் தேற்றத்தைப் பிள்ளைகள் வரி மாறாமல் ஒப்பிக்கிறார்கள். முக்கோணத்தின் எழுத்துகளை மாற்றிக் கொடுத்தால் பலர் நின்றுவிடுகிறார்கள். படத்தைத் தொடாத சொல்லைக் கொடுத்து, அதற்கு மதிப்பெண்ணும் போட்டு அனுப்புகிறோம். கோலம் போடும் தாய்க்குச் சொல் கிடைக்கவில்லை. தேற்றம் ஒப்பிக்கும் மகளுக்குப் படம் கிடைக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு அறிவும் பேசிக்கொள்ளாமல் இருப்பது எனக்குப் பெரிய துயரமாகத் தெரிகிறது.

இனிச் சமயத்துக்கு வருவோம். உருவத்தை மறுப்பவர் சொல்லும் காரணம் இதுவரை நடந்த ஆராய்ச்சிக்கு நன்றாகவே பொருந்துகிறது: படம் குறிப்பானது, இத்தனை கை, இந்த நிறம், இந்தப் பக்கம் முகம் என்று எல்லாவற்றையும் முடிவுசெய்தே தீர வேண்டும், எல்லையற்றதை அது எல்லைக்குள் கொண்டுவந்துவிடும். 'இது மட்டும் அல்ல' என்று சொல்லப் படத்தால் முடியாது. இந்த வாதம் வலுவானது, இதைச் சைவர்கள் தட்டிக்கழிக்கவும் இல்லை. சித்தாந்தம் இறைவனுக்கு அருவம், உருவம், அருவுருவம் என்ற மூன்றையும் கூறி, அவன் இவை மூன்றையும் கடந்தவன் என்றும் சேர்த்தே கூறுகிறது. குற்றாலத்திலேயே சபையில் ஓவியம் என்றால், பெரிய கோயிலின் கருவறையில் முகமும் கையும் இல்லாத இலிங்கம். சிதம்பரத்தில் நடராசருக்குப் பக்கத்திலேயே திரை விலகும் இடத்தில் பொன் வில்வமாலை தொங்குகிறது. அதற்கு அப்பால் வெளி. அந்த வெளியைப் பானை இல்லாத தரையோடு வைத்து நினைக்க வேண்டும். சொல் இல்லாமல் போய் நிற்பவனுக்கு அங்கே தெரிவது ஒரு வெற்றிடம். அது எதன் இன்மை, ஏன் இன்மையே காட்டப்படுகிறது என்று மரபு சொல்லியிருந்தால்தான் அது ரகசியம் ஆகிறது. ஆகவே உருவத்தைக் கைவிட்டுவிட்டால் பிழையிலிருந்து தப்பிவிட்டோம் என்று ஆகாது. வெறுமையும் ஒரு காட்சிதான், அதற்கும் உரை தேவை. சொல்லை மட்டும் நம்பும் பக்கத்துக்கும் இதேபோல ஒரு கேள்வி உண்டு. ஒப்பற்றவன் என்று ஆயிரம் முறை ஓதலாம். ஓதுபவர் மனத்தில் அது எதையும் தொடாமல் நழுவிப் போனால், மலடி மகனைப் போல நாக்குக்கு இசைந்து, அறிவுக்கு எட்டாமல் நின்றுவிடும். உமறுப்புலவரும் பீர்முகம்மது அப்பாவும் உவமையைத் தேடிப்போனது அலங்காரத்துக்காக என்று நான் நம்பவில்லை. சொல் எதையாவது பற்றவேண்டும் என்ற கட்டாயம் அவர்களைத் தள்ளியது.

பக்தியுள்ள ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: இறைவனை அறிவது அனுமானத்தால் அல்ல, அருளால், அருளுக்குச் சொல்லும் படமும் ஒன்றுதான், இந்த ஆராய்ச்சி எதற்கு? தன்பொருட்டு அறிவதைப் பற்றி அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். உள்ளே நிகழ்வதற்கு யாரும் இன்னொருவரிடம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதை அளக்கும் கருவியும் என்னிடம் இல்லை. ஆனால் அவர் தன் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க நினைக்கும் கணத்தில், பக்கத்துத் தெருவில் வேறு சமயத்தில் நிற்கும் நண்பரிடம் அதைப் பேச நினைக்கும் கணத்தில், அவர் பிறர்பொருட்டு அனுமானத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறார். அச்சன்புதூர் போலப் பல சமயத்தவரும் ஒரே கடைத்தெருவில் சாமான் வாங்கும் ஊர்களில் அந்தக் கணம் தினமும் வருகிறது. அருளை முழுதாக நம்பிய மெய்கண்டாரே இதை அறிந்துதான் நூல் செய்தார். சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களையும் அவர் அதிகரணங்கள் என்ற வாதப் பகுதிகளாகப் பிரித்தபோது, ஒவ்வொன்றிலும் முதலில் மேற்கோள், அடுத்து ஏது, அதற்குப் பின் எடுத்துக்காட்டு வெண்பா என்று வைத்தார். சார்ந்த பொருளின் நிறத்தையே தன் நிறமாகக் காட்டும் படிகம் ஒரு வெண்பாவில் வருகிறது. ஐம்பொறிகளின் நிறத்தைத் தன்னுடையதென்று எண்ணி மயங்கும் உயிருக்கு அது உவமை. படிகத்தைக் கண்டவனுக்கு வாதம் பிடிபடுகிறது. ஆனால் படிகம் சடம், உயிர் அறிவுடையது. உவமையை அப்படியே நீட்டினால் உயிரும் சடமாகிவிடும். அந்த எல்லையைப் படிகத்தால் சொல்ல முடியாது என்பதால்தான் ஒரு வெண்பாவோடு அவர் நிற்கவில்லை. 81 வெண்பாக்கள் எழுதினார், ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு மேற்கோளையும் ஏதுவையும் நிறுத்தி.